பிஸ்கட் டின் அளவில் ஒரு கம்ப்யூட்டர்

அக்கா,

இன்று காலை கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து உங்கள் அடுப்பு வாசம் வந்தது.

பொய் சொல்லவில்லை. ஃபேன் இறகுகளுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். மிலாறு எரிந்த அந்தக் கசந்த புகை குப்பென்று மூக்கில் ஏறியது. கவ்வாத்து வெட்டி முடிந்ததும் மலையிலிருந்து கட்டுக் கட்டாகத் தேயிலைக் கிளைகளைத் தலையில் சுமந்து வருவீர்களே, அதே விறகின் வாசம். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உங்கள் அடுப்பில் இப்போது வேறொரு பெண் சமைக்கிறாள். எத்தனையோ தடவை துடைத்த பெட்டிதான் இது, ஆனாலும் என் கைக்கு எட்டாத மூலையில் நீங்கள் மிச்சம் இருந்திருக்கிறீர்கள்.

வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா, "என்னா புள்ள, எதையாச்சும் கருக்கிப்புட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்காங்க."

அம்மா துருவுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். குனிந்து பெட்டியை ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு போய்த் தேங்காயைத் தொடர்ந்தார்.

பெட்டியை ஏன் திறந்தேன் என்று கேட்பீர்கள். புதிதாகக் கட்டப்போகிறேன். என் கம்பெனிக்காரர்கள் வரையச் சொல்லி அனுப்பும் வீடுகள் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன, இந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது. உள்ளே இருப்பதெல்லாம் மாற வேண்டும். வெளிப்பெட்டி மட்டும் அதேதான். அது மாற வழியில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது, இந்த வரிசை வீட்டு லயம் வளரவா போகிறது!

அந்தச் சுவரைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும், அதனால் எழுதுகிறேன். நம் இரண்டு வீட்டுக் காம்பராக்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சுவர் பாதி உயரத்தில் நின்றுவிடும். மேலே தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. அந்த வழியாக எல்லாமே போய் வந்தது. உங்கள் கருவாட்டு வாசம் இங்கே வரும், அம்மாவின் சீரியல் சத்தம் அங்கே போகும். எனக்கு ஒரு தும்மல் வந்தால், "கொத்தமல்லி அவிச்சுக் குடி பாப்பா" என்று மேலிருந்து குரல் வரும். ஏதோ தெய்வம் பேசுகிற மாதிரி இருக்கும். அதே தெய்வம் அடுத்த நிமிடம், "ஒரு கை உப்பு இருந்தா நீட்டு" என்றும் கேட்கும்.

ஹட்டனில் நான் கம்ப்யூட்டரில் வீடு வரையும் படிப்பை முடித்த வருடம் நினைவிருக்கிறதா? கொழும்புக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. கட்டடப் படத்தைக் கொடுப்பார்கள், அதை நான் வெயிலும் நிழலும் விழுகிற நிஜ வீடு மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் என்னுடையதாக இருக்க வேண்டும், முதலில் ஒரு பரீட்சைப் படம் செய்து அனுப்ப வேண்டும். அது சரிவராவிட்டால் மாமா பார்த்து வைத்திருந்த கொழும்புப் புடைவைக் கடை வேலைதான். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அம்மா என் பையைக்கூடத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.

உங்களுக்கு அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மகன் கட்டாருக்குப் போன பிறகு உங்கள் காம்பராவில் நீங்கள் ஒருவர்தான்.

"நீ போயிட்டா செவுத்துக்கு இங்கிட்டு நின்னு நான் யாருகிட்ட பேசுறது? ஒங்கம்மா டிவி முன்னாடி ஒக்காந்தா லயமே பத்தி எரிஞ்சாலும் திரும்ப மாட்டாங்க" என்றீர்கள்.

"அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். ஆனா வைக்கிறதுக்கு எடம் இல்லக்கா."

கேஸ் அடுப்பை இஸ்தோப்பு மூலைக்குத் தள்ளி, எங்கள் குசினியைத்தான் எனக்கு 'ஆபீஸ்' ஆக்கியிருந்தோம். ஒரு மேசை, அம்மாவின் அலுமாரி, அலுமாரிக்கும் நம் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம். கடையில் விற்கிற சாதாரணப் பெட்டி எதுவும் அதற்குள் நுழையாது. நீங்கள் வந்து நின்று பார்த்தீர்கள். உங்கள் பக்கம் போனீர்கள். திரும்பி வந்தபோது கையில் நீங்கள் கோதுமை மா போட்டுவைக்கும் சதுர பிஸ்கட் டின். மாவைச் சட்டியில் கொட்டிவிட்டுத் தூக்கி வந்திருக்கிறீர்கள். அலுமாரிப் பக்கத்தில் தள்ளினோம். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

"இந்த டின்னுக்குள்ள அடங்குற மாதிரி வாங்கு. இதவிடப் பெருசா இருந்தா தொடாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டில் பஸ் ஏறி, டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். வளைவுக்கு வளைவு மூடி திறந்து உள்ளே ஒட்டியிருந்த மிச்ச மா உங்கள் நல்ல சேலையில் உதிர்ந்தது. டின்னுக்குள் என்ன என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டரு" என்று தமிழில் சொன்னீர்கள். அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். வெறும் டின். நாம் இறங்கும் வரைக்கும் திரும்பித் திரும்பி நம்மையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைத் தம்பி டின்னைப் பார்த்ததும், "அக்கா, பேக்கரி அங்கிட்டு இருக்கு" என்றான். நீங்கள் சிரிக்கவில்லை. டின்னைக் கண்ணாடி மேசைமேல் டங்கென்று வைத்தீர்கள்.

"இதுக்குள்ள போற மாதிரி கம்ப்யூட்டரு குடு."

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தம்பி நல்லவன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேலை எடுத்து டின்னை உள்ளும் புறமும் அளந்தான். "அப்ப இருக்கிறதுலயே சின்ன போர்டாத்தான் போடணும். ரேம் ரெண்டு துண்டுக்கு மேல போகாது. கூலரு குட்டையா இருக்கணும். பவர் சப்ளையும் சின்ன சைஸ்" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். இது சத்தம் போடுமா? இது சூடாகுமா? மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கிற தோரணை. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர் தூங்க வேண்டாமா! சுவருக்கு மேலே கதவா இருக்கிறது சாத்துவதற்கு?

"இது என்னா செய்யும்?"

"பவர் சப்ளைக்கா. கரண்ட் குடுக்கும்."

"கரண்டுதான் செவுத்துலயே வருதே, அப்புறம் இது எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

எனக்கு ஆசை முழுக்க ஒரு கார்டின் மேல்தான் இருந்தது. படத்துக்கு ஒளியும் நிழலும் போடுவது அதுதான். மூன்று ஃபேன் வைத்த நீளமான கார்ட், கண்ணாடிக்குள் ராசா மாதிரி படுத்திருந்தது. அதை டின்னுக்குள் வைத்துப் பார்த்தோம். பாதி வெளியே நின்றது.

"ஆட்டுக்குட்டியக் கூடையில வச்ச மாதிரி தலைய நீட்டிக்கிட்டு இருக்கு" என்றீர்கள்.

ஒற்றை ஃபேன் வைத்த கட்டைக் கார்டைத் தம்பி எடுத்து வைத்தான். அது அடக்கமாக உட்கார்ந்தது. என் முகம் தொங்கிப்போய்விட்டது.

"ஏன், இது படம் வரையாதா?"

"வரையும்க்கா. கொஞ்சம் மெதுவா வரையும்."

"வரையட்டுமே. நம்ம என்னா ரயிலயா புடிக்கப் போறோம்?"

அந்த ஒரு வாக்கியத்தில் கார்ட் முடிவாகிவிட்டது. ரேம் மட்டும் நாம் கேட்டது இல்லை. லைட் எரிகிற சாதிதான் இருந்தது. "சும்மா ஒரு அழகுக்குத்தான்க்கா" என்றான். வேண்டா வெறுப்பாக வாங்கினேன். வேலை செய்கிற சாமானுக்கு என்ன அலங்காரம் என்று எனக்கு எரிச்சல்.

பெட்டியின் மேல்மூடி காற்றுப் போவதற்காகச் சல்லடை மாதிரி இருக்கும். கட்டி முடித்து முதல்முதலாகப் போட்ட அன்று மாலை, அந்தச் சல்லடை வழியாகச் சிவப்பும் நீலமும் பச்சையுமாக வெளிச்சம் கிளம்பித் தகரத்தில் ஓடியது. எங்கள் பக்கத் தகரத்தில் மட்டுமா? சுவர்தான் பாதியோடு நின்றுவிடுகிறதே.

"பாப்பா! அங்க என்னா, தேரு வந்திருச்சா?"

"ஐயோ, மன்னிச்சிருங்கக்கா, இப்பவே அணைக்கிறேன்."

"இரு, இரு. அணைக்காத. கொஞ்சம் பாப்பம்."

அதை ஒரே நிறத்தில் நிறுத்தலாம் என்று நான் கண்டுபிடித்ததும் உங்களுக்குக் குஷி தாங்கவில்லை. நான் இந்தப் பக்கம் நிறத்தை மாற்ற, நீங்கள் அந்தப் பக்கமிருந்து தீர்ப்புச் சொன்னீர்கள். சிவப்பு, தலையை வலிக்கிறது. நீலம், ஆஸ்பத்திரி மாதிரி. பச்சை போட்டேன்.

"பச்ச வேணவே வேணாம். விடிஞ்சதுல இருந்து அதத்தானே பாக்குறேன்."

மஞ்சள் போட்டதும் பலகையை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "இது இருக்கட்டும். வெயில் அடிக்கிற மாதிரி இருக்கு." அப்போது மழைக்காலம். பல நாட்களாக நம் மலையில் யாரும் வெயிலைப் பார்க்கவில்லை.

அந்த மழையில்தான் என் பரீட்சைப் படமும் மாட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஈரம் படக்கூடாத எதையும் அடுப்புச் சுவரில் சாய்த்துத்தான் வைப்போம். தீப்பெட்டி, உப்புச் சாடி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ எல்லாம் அங்கேதான். நானும் அப்படியே செய்தேன். உங்கள் அடுப்பு அந்தப் பக்கம் எரிந்ததால் நம் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். கம்ப்யூட்டரின் முதுகை அதில் ஒட்டி வைத்துவிட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன்.

படத்துக்கு ஒளியும் நிழலும் போட்டு முடிக்கக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓடும். காலையில் போட்டால் பகலெல்லாம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பொழுது சாயும்போது ஃபேன் முனக ஆரம்பிக்கும். பிறகு தேயிலைக் கொழுந்து லொறி மேட்டில் ஏறுகிற மாதிரி இரையும். பிறகு பொட்டென்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "சின்னப் பெட்டிக்கா, சூடு புடிக்கும். பெரிய பெட்டிக்கு மாத்திருங்க" என்றான். எங்கே வைப்பது, தலையிலா? அழுகையும் ஆத்திரமுமாக, "நான் கொழும்புக்கே போயிர்றேன்!" என்று கத்தினேன். சுவரின் அந்தப் பக்கம் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது.

மறுநாள் நீங்கள் கொத்மலைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அன்று மாலை ஃபேன் முனகவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமிக்கு நேர்ந்தது பலித்துவிட்டது என்று அம்மா சொன்னார். அதற்கடுத்த நாள் நீங்கள் திரும்பி வந்தீர்கள். "சாயத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே டீ போட அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேனுக்குள் லொறி மேட்டில் ஏறத் தொடங்கியது.

சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ரொட்டிக் கல் மாதிரி சுட்டது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்க முடியவில்லை. குளிரில் நடுங்குகிற ஊரில் என் கம்ப்யூட்டருக்கு நானே அடுப்பு மூட்டிக் கொடுத்திருக்கிறேன்!

"என்னா பாப்பா, தனியாச் சிரிக்கிற?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சமைக்காதீர்கள் என்று ஒருவரிடம் சொல்ல முடியுமா? ஆனால் நீங்கள் கேட்டால் நான் சொல்லாமல் இருந்ததே இல்லை. சொன்னேன். "அப்பிடியா சேதி" என்றீர்கள், அவ்வளவுதான். மறுநாள் மலையிலிருந்து வந்த கையோடு உங்கள் பக்கம் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். உங்கள் அடுப்பு உடைந்து கிடந்தது. எதிர்ச் சுவரோரம் கல் வைத்து, முழங்கை வரைக்கும் களிமண்ணோடு உட்கார்ந்து புது அடுப்புப் பூசிக்கொண்டிருந்தீர்கள்.

புகை போகிற ஓட்டை பழைய அடுப்புக்கு மேலே இருந்தது. அதனால் அடுத்த நாட்களெல்லாம் உங்கள் வீடு முழுக்கப் புகை. சுவரைத் தாண்டி எங்கள் பக்கமும் வந்தது. உங்கள் கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமாக்கா? நான் வேற வழி பாத்திருப்பேன்ல?" என்று சண்டை பிடித்தேன்.

"ரொட்டிய எங்கிட்டு வச்சுச் சுட்டாலும் வேகும். நீ கொழும்புக்குப் போனா திரும்பி வருவியா?"

நான் போய் உங்கள் கண்ணைக் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

படம் ஓடி முடிந்தது. அனுப்பினேன். வேலை கிடைத்தது. அம்மா பையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். முதல் சம்பளத்தில் உங்கள் புது அடுப்புக்கு மேலே ஒரு தகரப் புகைக்குழாய் போட்டுக் கொடுத்தேன். இன்று காலை ஃபேனுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குழாய் வருவதற்கு முந்திய நாட்களின் புகையாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு வந்த வருடங்களில் நான் வரைந்த வீடுகளையெல்லாம் உங்களுக்குக் காட்டினேன். நீங்கள் முதலில் கேட்பது, "அடுப்ப எங்க வச்சிருக்காங்க?" என்றுதான். ஒரு தடவை கடலோரத்து மாளிகை ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "செவுரெல்லாம் கூர மோட்டு வரைக்கும் கட்டியிருக்காங்க. பாவம், ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டாக் கேக்காது" என்றீர்கள். உண்மையிலேயே அவர்களுக்காகப் பரிதாபப்பட்டீர்கள். அந்த வீட்டை நான் எத்தனை அழகாகச் செய்திருந்தேன்!

நோயில் விழுந்த உங்களைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கூட்டிவந்த பிறகு, நீங்கள் எழுந்து நடக்கவில்லை. மகன் வந்து கூடவே இருந்தார். பனிமூட்டம் இறங்கிய பகல் வேளைகளில் மெதுவாகக் கேட்பீர்கள்.

"பாப்பா, அந்த லைட்டப் போடு."

"கண்ணு கூசாதாக்கா?"

"ஒன் மிஷினு சத்தமே போடுறதில்ல. வெளிச்சம் தெரிஞ்சாத்தான் நீ இருக்கன்னு தெரியுது."

சத்தம் வராத சாமானாகத் தேடித் தேடி வாங்க வைத்தது யாராம்? அதைச் சொல்லிக் காட்டினேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் மேசையில் இருக்கும் நேரமெல்லாம் மஞ்சள் எரிந்தது. கடைசி நாளிலும் எரிந்தது. அதன் பிறகு நான்தான் அணைத்து வைத்தேன்.

உங்கள் காம்பரா சில மாதம் பூட்டியே கிடந்தது. பிறகு தோட்ட நிர்வாகம் அதை ஓர் இளம் சோடிக்குக் கொடுத்தது. அவன் டவுன் பேக்கரியில் வேலை. அவள் கொழுந்து பறிக்கப் போகிறாள், கையில் ஒரு குழந்தை. நல்ல பெண்தான், ஆனால் கூச்சம். சுவருக்கு மேலே குரல் கொடுக்க மாட்டாள். உப்பு வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு இஸ்தோப்பு வழியாகத்தான் வருவாள்.

போன வாரம் புதுச் சாமான் பார்க்க ஹட்டனுக்குப் போனேன். உங்கள் மகன் கட்டாருக்குத் திரும்பும்போது அந்த பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், நீங்கள் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார். அதையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். "இன்னும் அந்த டின்தானாக்கா?" என்று தம்பி சிரித்தான். போர்ட், பிராசசர், கூலர் எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சத்தம் போடுமா, சூடாகுமா என்று என் வாய் தானாகக் கேட்டது. கார்ட் இப்போதும் கட்டைதான். ரேமின் முறை வந்தபோது, "லைட் இல்லாததே போதும்" என்றேன். பார்க்க யார் இருக்கிறார்கள்? நாளைக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவர வேண்டும்.

நேற்று மாலை பழைய கம்ப்யூட்டரிலிருந்து வேலைகளை எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தேன். லைட்டை அடக்கி வைத்திருந்த புரோகிராமும் அதோடு போய்விட்டது. மறுபடி போட்டதும் பழைய மாதிரி தகரமெல்லாம் தேர் ஓடியது. நான் பதறி வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று மாலை, பெட்டி மேசையில் பிரித்தபடி கிடக்கிறது, நான் அம்மா தந்த சாயத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை அழுகிறது. அழுதுகொண்டே இருக்கிறது. பிறகு, சுவருக்கு மேலிருந்து ஒரு குரல்.

"அக்கா... இருக்கீங்களா?"

சாயத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"இருக்கேன், சொல்லு தங்கச்சி."

"நேத்து ஒரு லைட்டு போட்டீங்கள்ல, அதக் கொஞ்சம் போடுறீங்களா? புள்ள அதப் பாத்துத்தான் நேத்து அழுகைய நிப்பாட்டுச்சு."

"கழட்டிப் போட்டிருக்கேனே. நாளைக்குப் போடுறேன்."

உடனே தம்பிக்குப் போன் அடித்தேன். "அந்த ரேம், லைட் உள்ளதே எடுத்து வைங்க தம்பி." "நீங்கதானேக்கா வேணாம்னீங்க?" என்றான். "இப்ப வேணும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"தங்கச்சி, ஒரே கலரா நிப்பாட்டலாம். என்ன கலரு வேணும்?"

"எதுன்னாலும் சரிக்கா. பச்ச மட்டும் வேணாம். நாளெல்லாம் அதத்தானே பாக்குறோம்."

அக்கா, நான் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அந்தப் பக்கம் அவள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. சுவர் சில்லென்று இருந்தது. அடுப்பு நீங்கள் மாற்றி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நாளைக்கு மஞ்சள் போடுகிறேன்.